செம்புத் தகடும் சில வியாபாரிகளும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸிலும் லண்டனிலும் எட்சிங் கலை மறுபடி தலையெடுத்த கதையையும், அதைத் தூக்கி நிறுத்திய படவியாபாரிகளையும் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அரைப் பக்கம் போதாது என்று கடிதங்கள் சொல்கின்றன. சரி, இந்த முறை மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும்.

எஸ்.ஆர்., காரைக்குடி: எட்சிங் என்பது கல்லில் செய்வதா, தகட்டில் செய்வதா? எங்கள் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஒரு வெளிநாட்டுப் படத்தை எட்சிங் என்கிறார் மாமனார். எப்படித் தெரிந்துகொள்வது?

கல்லில் செய்வது லித்தோகிராஃப். எட்சிங் தகட்டில். செம்புத் தகட்டை மெருகேற்றி, தேன்மெழுகும் தாரும் கலந்த பூச்சைச் சூடாகப் பரப்புவோம். ஆறியதும் அதன் மேல் ஊசியால் வரைவோம். ஊசி மெழுகை மட்டும் விலக்கினால் போதும், செம்பைத் தோண்ட வேண்டியதில்லை. அதனால் பேனா பிடித்த மாதிரி கை தடையில்லாமல் ஓடும். அப்புறம் தகட்டை அமிலத்தில் இறக்கினால், மெழுகு விலகிய இடத்தை மட்டும் அது அரிக்கும். எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு ஆழம், அவ்வளவு கறுப்பு. வெளிறிய மேகம் வேண்டுமா? தகட்டைச் சீக்கிரம் வெளியே எடுத்து, மேகத்தின் மேல் மட்டும் வார்னிஷ் தடவி மூடிவிட்டு, மீதியை மறுபடி இறக்க வேண்டும். நைட்ரிக் அமிலம் என்றால் கோடுகளின் மேல் குமிழ் கட்டிக்கொண்டே வரும். அதைக் கோழி இறகால் மெல்லத் தள்ளிவிட்டபடி நிற்போம்.

அச்சடிக்கும்போது தகடு முழுக்க மை பூசித் துணியால் துடைத்தால், மேற்பரப்பு மை போய்க் கோட்டுக்குள் இருப்பது தங்கும். நனைத்து ஒற்றிய தாளை மேலே வைத்து, கம்பளி போர்த்தி, இரண்டு உருளைகளுக்கு நடுவே ஓட்டினால் ஈரத்தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையைத் தூக்கிக்கொண்டு வரும்.

உங்கள் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். படத்தைச் சுற்றித் தகட்டின் நான்கு ஓரமும் அமுங்கிய தடம் தெரிகிறதா? அது மட்டும் போதாது, அந்தத் தடத்தைப் போலியாக அழுத்தி வைப்பவர்களும் உண்டு. நல்ல லென்ஸ் வைத்துப் பாருங்கள். எட்சிங் கோட்டில் மை தாளுக்கு மேல் மேடாக நிற்கும். கோட்டுக்குப் பதில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் வரிசை கட்டி நின்றால், அது அச்சகத்தில் புகைப்பட முறையில் அடித்த நகல். உங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் நான் பார்த்தவை அனேகமாக ஓலியோகிராஃப்தான், அதாவது எண்ணெய் ஓவியம் போலத் தெரியும்படி அச்சடித்த வண்ணப் படம். அவையும் அழகானவைதான். மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

எம்.வி., மதுரை: பதினேழாம் நூற்றாண்டில், டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் காலத்தில் அவ்வளவு உச்சத்தில் இருந்த கலை எப்படிப் படுத்தது? 1860-களில் திடீரென்று ஏன் எழுந்தது?

ஒரேயடியாகப் படுக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரனேசி ரோமின் இடிபாடுகளை எட்சிங்கில் கொண்டுவந்தார், கோயா தன் ஊர்க்காரர்களின் மூடத்தனத்தை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பணம் வேறு பக்கம் இருந்தது. பிரபலமான ஓவியத்தைப் பார்த்து, கைதேர்ந்த செதுக்காளர் எஃகில் அல்லது செம்பில் வருஷக்கணக்காகப் படியெடுப்பார். வியாபாரி அதை ஆயிரக்கணக்கில் அடித்து விற்பார். பாரிஸில் கூபில் நிறுவனம் இதில் கொழித்தது. பிற்பாடு வின்சென்ட் வான்கோ இளவயதில் வேலை பார்த்தது இந்த நிறுவனத்தில்தான். லண்டனில் இந்த வியாபாரத்தை ஒழுங்குபடுத்த 1847-இல் படவியாபாரிகள் தங்களுக்கென்று சங்கமே வைத்து, படிகளில் முத்திரை குத்தினார்கள்.

இந்த நேரத்தில் புகைப்படம் வந்தது. ஓவியத்தைப் படியெடுக்கும் வேலையை அது சுலபமாக, மலிவாகச் செய்ய ஆரம்பித்தது. அப்படியானால் தகட்டில் வரைய என்ன மிச்சம்? ஓவியனே, தன் கையால், யாரையும் பார்த்துப் படியெடுக்காமல் நேராகத் தகட்டில் வரைவது. புகைப்படத்தால் அதைத் தர முடியாது. இதைச் சரியாக மோப்பம் பிடித்தவர் ஆல்ஃபிரெட் கடார்.

கடார் ஓவியர் இல்லை, பதிப்பாளர், வியாபாரி. 1862-இல் பாரிஸில் எட்சிங் ஓவியர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். அச்சடித்தது அகுஸ்ட் டெலாத்ர். மாதம் 5 படங்கள், வருஷத்துக்கு 60, சந்தாதாரர் வீட்டுக்கே வரும். ஐந்து வருஷத்தில் 300 படங்கள். முதல் தொகுப்பிலேயே ஓவியர் மானே போட்ட ஜிப்ஸிகள் இருந்தார்கள். பிராக்மோன், டோபின்யி, ரிபோ, லெக்ரோ, யோங்கிண்ட் என்று பிறகு எல்லோரும் அந்தக் கடைக்குள் வந்து போனார்கள். அதே வருஷம் கவிஞர் போத்லேர் எட்சிங்கைப் பாராட்டி எழுதினார். கூடவே, இது மிகவும் அந்தரங்கமான கலை, பொதுஜனத்துக்குப் பிடித்துப்போகும் என்று நம்பாதீர்கள் என்றும் எச்சரித்தார்.

கடார் அதையெல்லாம் கேட்டுக்கொள்கிற ஆள் இல்லை. படம் விற்றது போக, படம் போடும் சாமானையும் விற்றார்: தகடு, ஊசி, வீட்டு மேஜையில் வைக்கிற சின்ன பிரஸ். 1866-இல் லலான் எழுதிய எட்சிங் கையேட்டைப் பதிப்பித்தார். அதே வருஷம் கப்பலேறி நியூயார்க் போய்க் கண்காட்சி வைத்து, அங்கேயும் ஒரு சங்கம் தொடங்கப் பார்த்தார். வாடிக்கையாளரையே கலைஞராக்கிவிட்டால் சாமான் விற்பனை நிற்காது என்பது அவர் கணக்கு.

கணக்கு சரி, கல்லா நிறையவில்லை. 1867-இல் சங்கம் முடிந்தது. அடுத்த வருஷமே வேறு பெயரில் வேறு தொகுப்பு. 1875-இல் அவர் இறந்தபோதும் பெரிய சொத்து ஒன்றும் சேர்த்திருக்கவில்லை. மனைவி சில வருஷம் கடையை நடத்தினார். பின்னால் வந்த வியாபாரிகள் சம்பாதித்ததெல்லாம் கடார் உழுத நிலத்தில்.

கே.பி., யாழ்ப்பாணம்: கலைஞர்களை விட்டுவிட்டு வியாபாரிகளைப் பற்றியே எழுதுகிறீர்கள். அதற்கு முன் வியாபாரிகளே இல்லையா?

இருந்தார்கள். ஆன்ட்வெர்ப்பில் ஹைரோனிமஸ் காக் 1548 வாக்கில் ‘நான்கு காற்றுகள்’ என்ற பெயரில் கடை வைத்தார். புரூகல் வரைந்து கொடுப்பார், வேறொருவர் தகட்டில் வெட்டுவார், காக் விற்பார். ஆம்ஸ்டர்டாமில் கிளமென்ட் டி யோங்க என்றொரு வியாபாரி. 1651-இல் ரெம்ப்ராண்ட் அவரை உட்காரவைத்தே ஒரு எட்சிங் போட்டிருக்கிறார். தொப்பி, கையுறை, நாற்காலியில் ஒருக்களித்த உட்காரல், ‘என்ன விலை சொல்கிறாய்?’ என்பது போல ஒரு பார்வை. 1679-இல் அவர் கடைச் சரக்கைப் பட்டியல் எடுத்தபோது ரெம்ப்ராண்டின் தகடுகளே 74 இருந்தன. தகடுதான் மூலதனம். தகடு யாரிடம் இருக்கிறதோ அவர் அடித்துக்கொள்ளலாம். அந்தத் தகடுகள் கைமாறிக் கைமாறி, ரெம்ப்ராண்ட் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் பாரிஸில் அச்சேறிக்கொண்டிருந்தன, கோடு தேயத் தேய.

எனக்குப் பிடித்த கதை கேப்டன் வில்லியம் பெய்லியுடையது. ராணுவத்திலிருந்து வந்தவர், எட்சிங் போடுவார், வியாபாரமும் உண்டு. ரெம்ப்ராண்டின் ‘நூறு கில்டர்’ படத்தின் தகடு தேய்ந்துபோய் அவர் கைக்கு வந்தது. 1775-இல் தேய்ந்த கோடுகளைத் தானே மறுபடி வெட்டி, நூறு படிகள் அடித்து விற்றார். அப்புறம் தகட்டை நான்கு துண்டாக வெட்டினார். இனி அடிக்க முடியாது, வாங்கினவர்கள் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்கிறீர்களா? துண்டுகளிலும் தனித்தனியாகப் படி எடுத்தார்!

ஆனாலும் உங்கள் கேள்வியில் விஷயம் இருக்கிறது. பழைய வியாபாரி தகடு தாங்கும் வரை அடித்தார். எவ்வளவு அதிகமோ அவ்வளவு லாபம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் வந்தவர், இதற்கு மேல் அடிக்கமாட்டேன் என்ற உறுதிமொழியை விற்றார். நான் வியாபாரிகளைப் பற்றி எழுதுவது இந்தத் தலைகீழ் மாற்றத்துக்காகத்தான். இன்று எல்லாப் பதிப்போவியமும், அதாவது தகட்டிலிருந்தோ கல்லிலிருந்தோ அச்செடுக்கும் ஓவியமும், இந்த உறுதிமொழியின் மேல்தான் நிற்கிறது.

ஆர்.டி., கோயம்புத்தூர்: படத்தின் அடியில் பென்சிலில் 7/50 என்று போட்டிருக்கிறார்கள். ஒன்றாம் நம்பர்தான் உசத்தி என்று ஒரு கடைக்காரர் என்னிடம் கூடுதல் விலை கேட்டார். நியாயமா?

நியாயமில்லை. 50 படிகளில் இது ஒன்று என்பதுதான் அர்த்தம். அடித்த படிகள் எல்லாம் கம்பளித் துணிக்கும் உறிஞ்சுதாளுக்கும் நடுவில் ஒன்றாகக் காய்ந்து, மொத்தமாகக் கட்டு வந்த பிறகுதான் உட்கார்ந்து நம்பர் போடுவோம். முதலில் அடித்ததற்குத்தான் முதல் நம்பர் என்று யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. செம்பு மென்மையானது. தகட்டில் அமிலம் இல்லாமல் ஊசியாலேயே நேராகக் கீறும் முறை ஒன்று உண்டு, டிரைபாயிண்ட். கீறும்போது கோட்டின் ஓரத்தில் செம்பு பிசிறாக எழும்பும். அந்தப் பிசிறில் மை பிடித்து வெல்வெட் மாதிரி கறுப்பு விழும். ஆனால் பிரஸ்ஸின் அழுத்தத்தில் அது சீக்கிரம் மடங்கிவிடும், சில டஜன் படிகளுக்கு மேல் தாங்காது. அந்தக் காலத்தில் உலோகமே எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியது. 1857-இல் பிரான்சில் ஒரு முறை காப்புரிமை பெற்றது: மின்சாரத்தால் செம்புத் தகட்டின் மேல் மெல்லிய இரும்புப் படலம் ஏற்றுவது. படலம் தேய்ந்தால் மறுபடி ஏற்றலாம். அதன் பிறகு ஒரே தகட்டில் ஆயிரக்கணக்கில் அடிக்க முடிந்தது. கடாரின் மாதச் சந்தா மாதிரி ஏற்பாடுகளுக்கு இது பெரிய வசதி. ஆக, எத்தனை வேண்டுமானாலும் அடிக்க முடியும் என்று ஆன காலத்தில்தான், இத்தனைதான் அடிப்போம் என்ற பேச்சும் சூடு பிடிக்கிறது. உலோகம் விட்ட வேலையைப் பென்சில் எடுத்துக்கொண்டது.

பென்சில் கையெழுத்தை வழக்கமாக்கியதில் 1880-களில் லண்டனில் இருந்த ஹேடன், விஸ்லர் என்ற இரண்டு எட்சிங் ஓவியர்களுக்குப் பெரிய பங்கு. அப்புறம் விதவிதமான படிநிலைகள்: எழுத்து பொறிக்கும் முன் எடுத்த படி, கலைஞரின் சொந்தப் படி, ஓரத்தில் சின்னதாக ஒரு பறவையோ நாய்த் தலையோ கிறுக்கிய படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை.

கலைஞர் தனக்கென்று சில படிகள் வைத்துக்கொள்வது மரபுதான். பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான நாகரிகம். ஒரு காலரிக்காரர் என்னிடம், ‘ஐம்பதுக்கு நம்பர் போடுங்கள் மேடம், இன்னொரு ஐம்பது உங்கள் சொந்தப் படி என்று போட்டுக்கொள்ளலாம்’ என்றார். தகட்டைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோய், ஆணியால் குறுக்கே இரண்டு கோடு இழுத்தேன். அப்படிக் கீறிய தகட்டிலிருந்து எடுக்கும் படியில் அந்தக் கோடும் சேர்ந்து விழும். கேட்டவருக்கு அதையே ஒரு படி அடித்து அனுப்பினேன். பதில் இல்லை.

ஜே.எம்., நாகர்கோவில்: விஸ்லர் திவாலானபோது ஒரு படக்கடைதான் காப்பாற்றியது என்று எழுதினீர்கள். விவரமாகச் சொல்லுங்களேன், டீச்சர்.

ஜேம்ஸ் விஸ்லர் அமெரிக்கர். இளவயதில் வாஷிங்டனில் கடற்கரை அளவைத் துறையில் வேலை. வரைபடத் தகடுகளில் எட்சிங் பழகியது அங்கேதான். கடற்கரையைப் பொறிக்கச் சொன்ன தகட்டின் மேலேயே மனிதத் தலைகளையும் பொறித்து வைத்தார். அரசாங்க வேலை அதிக நாள் ஓடவில்லை. பாரிஸ் போனார், 1858-இல் டெலாத்ரின் பிரஸ்ஸில் தன் முதல் தொகுப்பை அடித்தார், பிறகு லண்டன், தேம்ஸ் கரை.

1877-இல் விமர்சகர் ரஸ்கின் அவருடைய ஓவியம் ஒன்றைக் கேவலமாக எழுத, விஸ்லர் அவதூறு வழக்கு போட்டார். 1878 நவம்பரில் ஜெயித்தார். நஷ்ட ஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவோடு பழைய கடன்களும் சேர்ந்து கழுத்தை நெரிக்க, 1879-இல் மஞ்சள் கடுதாசி. வீடு போயிற்று.

அப்போது லண்டன் நியூ பாண்ட் தெருவில் ஃபைன் ஆர்ட் சொசைட்டி என்ற கடை திறந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. பெயரில்தான் சங்கம், நடப்பது வியாபாரம். வெனிஸுக்குப் போய் 12 எட்சிங் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று அவரிடம் முன்பணம் கொடுத்தார்கள். செப்டம்பரில் போய்க் கிறிஸ்துமஸுக்குள் திரும்புவதாகப் பேச்சு. திரும்பியது அடுத்த வருஷம் நவம்பரில்! அந்தக் குளிர்காலம் வெனிஸில் படு மோசம். ஆனால் கையில் 12 இல்லை, 50 தகடுகள் இருந்தன.

கடைக்காரர்கள் எதிர்பார்த்தது ரஸ்கின் புகழ்ந்த வெனிஸை, புனித மார்க்கின் சதுக்கத்தை. இவர் கொண்டுவந்தது பின்சந்துகள், கதவிடுக்குகள், தண்ணீரில் கால் வைத்த படிக்கட்டுகள். தகட்டில் பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லை. இங்கேதான் அச்சடிக்கும் கை பேசுகிறது. தகட்டைச் சுத்தமாகத் துடைக்காமல், மையை மெல்லிய திரையாக ஆங்காங்கே விட்டுவிடுவார். அந்தத் திரைதான் தண்ணீர், அதுதான் இருட்டு. ஒவ்வொரு படிக்கும் துடைப்பு வேறு, அதனால் காலையில் எடுத்த படியில் பகலும், மாலையில் எடுத்ததில் அந்தியும் இருக்கும். இந்த வித்தையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் டெலாத்ர். இதன் எல்லையைப் பார்க்கவேண்டுமென்றால் லெப்பிக் என்ற பிரெஞ்சுக்காரரைப் பாருங்கள். ஒரே நதிக்கரைத் தகட்டில் மை பூசுவதை மட்டும் மாற்றி மாற்றி மழை, நிலவு, தீ என்று 85 விதமாக எடுத்தார்.

கடைக்குத் தலைவலி என்னவென்றால், விஸ்லர் வேறு யாரையும் அச்சடிக்க விடவில்லை. 12 தகடு, ஒவ்வொன்றிலும் 100 படி. தானே மை பூசி, தானே துடைத்து. வருஷங்கள் ஓடின, அவர் சாகும் வரை கணக்கு முடியவில்லை. பழைய புத்தகங்களின் வெற்றுத் தாள்களைத் தேடி வாங்கி அதில் அடிப்பார். தகட்டின் விளிம்பு வரை தாளை வெட்டிவிட்டு, அடியில் ஒரு சின்ன நாக்கு மட்டும் விட்டு, அதில் தன் பட்டாம்பூச்சிக் கையெழுத்தைப் போடுவார். அகலமான ஓரம் இருந்தால்தான் உசத்தி என்று நினைத்த சேகரிப்பாளர்களுக்கு இது எரிச்சல். 1883-இல் அதே கடையில் இன்னொரு கண்காட்சி: சுவர் வெள்ளையும் மஞ்சளும், வாசலில் நிற்கும் ஆளுக்கும் மஞ்சளும் வெள்ளையும்தான் உடை. படத்தோடு சேர்த்துக் கடையையும் வடிவமைக்கலாம் என்பதை அந்த வியாபாரிகள் நேரில் கற்றுக்கொண்டார்கள்.

பி.எல்., சேலம்: ஹேடன் என்பவர் உண்மையிலேயே டாக்டரா?

அறுவை மருத்துவர், விஸ்லருடைய அக்காவின் கணவர். 1880-இல் லண்டனில் எட்சிங் ஓவியர்கள் சங்கம் தொடங்கி, செதுக்காளர்களை இரண்டாம் வரிசையில் உட்காரவைத்த ராயல் அகாதமியோடு மல்லுக்கட்டினார். பிணத்தை எரிக்கக் கூடாது, மண்ணில்தான் புதைக்க வேண்டும் என்று இயக்கம் வேறு நடத்தினார். 1867-இல் பாரிஸில் ஒரு சண்டையில் விஸ்லர் இவரைக் கண்ணாடி ஜன்னல் வழியாக வெளியே தள்ளினார். மைத்துனர் உறவு அதோடு சரி.

வி.கே., திருச்சி: வியாபாரிகளால் பயனடையாத கலைஞர் யாராவது உண்டா?

ஷார்ல் மெரியோன். முதலில் கடற்படை அதிகாரி, நியூசிலாந்து வரை போனவர். நிறக்குருடு, அதனால் வண்ண ஓவியம் கைகூடவில்லை. கறுப்பு வெள்ளைக்கு வந்தார். 1850 முதல் 1854 வரை, பழைய பாரிஸ் இடிபடப்போகிற காலத்தில், அதன் பாலங்களையும் கோபுரங்களையும் தகட்டில் பிடித்தார். நோத்ர்தாம் கோபுர விளிம்பில் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு ஊரைப் பார்க்கும் அந்தக் கல் பூதம், 1853-இல் அவர் போட்டது. கடாரின் சங்கம் வருவதற்கு ஒன்பது வருஷம் முன்பு! வாங்க ஆளில்லை. சில ஃபிராங்குக்கு அடிமாட்டு விலையில் போயிற்று. மனம் பிறழ ஆரம்பித்தது. அவர் போட்ட பாலப் படம் ஒன்றில், வானத்தில் முதலில் ஒரு பலூன் இருந்தது. வருஷங்கள் கழித்து அதே தகட்டில் பலூனை அழித்துவிட்டுப் பறவைக் கூட்டத்தை வரைந்தார், இறங்கித் தாக்க வருவதைப் போல. 1868-இல் ஷாரன்தோன் மனநல விடுதியில் இறந்தார்.

அவர் இறந்த அதே வருஷம் ஹாமர்டன் என்ற ஆங்கிலேயர் எட்சிங் பற்றித் தடிமனாக ஒரு புத்தகம் போட்டார். சேகரிப்பாளர்கள் மெரியோனைத் தேட ஆரம்பித்தார்கள். பலூன் படியா, பறவைப் படியா என்று பிரித்துப் பிரித்து விலை வைத்தார்கள். ஒரு மனிதனின் பைத்தியம் முற்றிய படிகளெல்லாம் பட்டியலில் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று நம்பரானதை நினைத்தால் எனக்கு இன்னும் கூசுகிறது. ஆனால் அந்தப் பட்டியல் போட்டவர்கள் இல்லையென்றால் அந்தத் தாள்கள் பொட்டலம் கட்டப் போயிருக்கும்.

என்.எஸ்., பெங்களூரு: பெண்கள் யாரும் இல்லையா?

மேரி நிம்மோ மோரன். நியூயார்க்கில் 1877-இல் தொடங்கிய எட்சிங் சங்கத்தைச் சேர்ந்தவர். படத்தில் ‘எம். நிம்மோ’ என்று கையெழுத்துப் போடுவார். ஹேடன் தொடங்கிய லண்டன் சங்கத்தின் பெரியவர்கள் ஆண் என்றே நினைத்து 1881-இல் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மெழுகுப் பூச்சு போட்ட தகட்டை வெளியே எடுத்துப் போய், மரத்தின் முன்னால் நின்று நேராக அதிலேயே வரைந்தவர். அவரைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

ஏ.ஜி., சென்னை: இவ்வளவு ஓஹோ என்று இருந்த சந்தை எப்படி விழுந்தது?

இரண்டு தடவை விழுந்தது. முதலில் அமெரிக்காவில். 1880-களில் வீட்டுக்கு வீடு எட்சிங் மாட்டுவது நாகரிகமாகிவிட, தகடுகள் பெரிதாகின, சாட்டின் துணியிலும் தோலிலும் அடித்தார்கள், ஓரக் கிறுக்கல்கள் பெருகின. 1890-களில் திகட்டிவிட்டது. கெப்பல் மாதிரி நிதானமான வியாபாரிகள் தாக்குப்பிடித்தார்கள். ஃபிரெடரிக் கெப்பல் அயர்லாந்திலிருந்து வந்து நியூயார்க்கில் படம் விற்றவர். விற்றால் மட்டும் போதாது, பார்க்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உரையாற்றினார். அவர் நிறுவனம் 1911-இல் சேகரிப்பாளர்களுக்காக ஒரு காலாண்டிதழே தொடங்கியது. சாமுவேல் ஏவரி என்ற இன்னொரு வியாபாரி தன்னிடமிருந்த 17,000-க்கும் மேற்பட்ட படிகளை 1900-இல் நியூயார்க் பொது நூலகத்துக்கு மொத்தமாகக் கொடுத்தார். வியாபாரிகளைத் திட்ட வாய் திறக்கும்போதெல்லாம் ஏவரி நினைவுக்கு வந்து குறுக்கே நிற்கிறார்.

இரண்டாவது விழுந்தது பலமான அடி. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் கேமரன், மியூர்ஹெட் போன், மெக்பே என்ற மூன்று ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ஏகக் கிராக்கி. புதுத் தகடு வருகிறது என்றாலே படி அடிப்பதற்கு முன் முழுவதும் விற்றுவிடும். வாங்கினவர் சுவரில்கூட மாட்டாமல் ஏலத்துக்கு அனுப்பிப் பல மடங்கு பார்ப்பார். அது பங்குச்சந்தையேதான், காகிதம் மட்டும் வேறு. 1929-இல் நிஜப் பங்குச்சந்தை சரிந்ததும் அமெரிக்கப் பணம் நின்றது, இதுவும் கூடவே சரிந்தது. எட்சிங்கில் பெயர் வாங்கிக்கொண்டிருந்த இளைஞர் கிரஹாம் சதர்லேண்ட் வேறு வழியில்லாமல் ஓவியத்துக்குப் போனார். பெரிய ஓவியரானார், அது வேறு கதை.

நான் இதில் வியாபாரிகளை மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். விலை ஏறிய வரைக்கும் கலைஞர்களும் அதே பாலத்தையும் அதே படகையும் திரும்பத் திரும்பப் போட்டுக்கொடுத்தார்கள்.

எம்.ஆர்., புதுச்சேரி: இந்த அலை இந்தியா பக்கம் வரவில்லையா?

வந்தது. லம்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் காசிக்கு வந்து படித்துறைகளை எட்சிங்கில் போட்டார். 1925-இல் அவர் எழுதிய செய்முறை நூலை எங்கள் தலைமுறை மாணவர்கள் அட்டை கிழியக் கிழியப் படித்தோம். இங்கிருந்து போனவர் முகுல் டே. 1916-இல் தாகூரோடு ஜப்பான் வழியாக அமெரிக்கா போய், சிகாகோவில் எட்சிங் கற்றார். பிறகு லண்டனில் சற்று முன் சொன்ன மியூர்ஹெட் போனிடமும் பழகினார். 1928-இல் கல்கத்தா அரசுக் கலைப்பள்ளிக்கு முதல் இந்திய முதல்வர். ஆக ஹேடன், விஸ்லர் கைவழியின் ஒரு நூல் நம் வகுப்பறைக்குள்ளும் ஓடுகிறது.

கல்லூரி மாணவர், தஞ்சாவூர்: மேடம், வீட்டிலேயே எட்சிங் செய்யலாமா? பிரஸ் வாங்க வசதியில்லை.

தம்பி, மெக்பே அபர்டீனில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்தபோது நூலகத்திலிருந்து லலானின் கையேட்டை எடுத்துப் படித்து, வீட்டில் துணி பிழியும் உருளையில் முதல் படிகளை அடித்தவர். ஆகவே பிரஸ் இல்லாதது தடையில்லை. ஆனால் அமிலத்தை இப்போதைக்கு விட்டுவிடு. நைட்ரிக் அமிலத்தின் புகை நுரையீரலுக்கு ஆகாது. நல்ல காற்றோட்டமும் கூட ஒரு ஆளும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. எப்போது கலந்தாலும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதே.

பழரசம் வரும் டெட்ரா பேக் அட்டையைப் பிரித்துக் கழுவி, உள்ளே பளபளக்கும் பக்கத்தில் தடித்த ஊசியால் கீறு. கறுப்பு வேண்டிய இடத்தில் கத்தியால் மேல் படலத்தைக் கீறி உரித்துவிடு. எண்ணெய் மை தடவி, பழைய மல்துணியால் வட்டமாகத் துடை, கடைசியில் உள்ளங்கையால் ஒரு தடவு. தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, துண்டுக்கு நடுவில் ஒற்றி, பளபளப்புப் போனதும் மேலே வைத்து, ஸ்பூனின் பின்பக்கத்தால் அழுத்தித் தேய். முதல் படி வெளிறித்தான் வரும். மை கொஞ்சம் இளகலாக, தாள் கொஞ்சம் ஈரமாக என்று மாற்றிப் பார். கை பழகிய பிறகு, சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமி மண்டல மையத்தில் பதிப்போவியப் பட்டறை இருக்கிறது; என்ன வாய்ப்பு உண்டு என்று நேரில் போய்க் கேள்.

டி.எஸ்., மயிலாடுதுறை: நண்பர் கொடுத்த எட்சிங் படி ஒன்று இருக்கிறது. சட்டம் போடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

சட்டம் போடுபவர் சட்டத்துக்குப் பொருந்த வேண்டுமென்று தாளின் ஓரத்தை வெட்டப் பார்ப்பார். கடையிலேயே நின்று தடுங்கள். பசை போட்டு அட்டையில் ஒட்டவும் விடாதீர்கள். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், மாவுப் பசை தொட்ட மெல்லிய தாள் கீலில் தொங்கவிடச் சொல்லுங்கள். அமிலமில்லாத அட்டை கேளுங்கள், கண்ணாடி தாளைத் தொடாமல் நடுவே ஜன்னல் அட்டை வையுங்கள். வெயில் விழும் சுவரும், மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம். உங்கள் ஊரில் இரண்டாவதுதான் பெரிய ஆபத்து.